கழுவி வைத்த செம்பு

மண்கும்பான்,
22.1.1984

அன்புள்ள இலட்சுமி,

பிள்ளையார் சுழி போட்டுவிட்டு முக்கால் மணித்தியாலமாக இந்தத் தாளைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். இருபத்தாறு வருஷமாகப் பிள்ளைகளுக்குக் கடிதம் எழுதப் பழக்குகிறவள் நான். சொந்தச் சிநேகிதிக்கு ஒரு வரி எழுத வரவில்லை. நீர் ஆஸ்பத்திரியால் வந்து தம்பியோடு கிளிநொச்சிக்குப் போய் ஏழு கிழமை. நானும் எழுதவில்லை, நீரும் எழுதவில்லை. உமக்குக் கோபம் என்று நினைத்துக்கொண்டேன். கோபப்பட உமக்கு நியாயமும் இருக்கிறது.

இருமல் எப்படி? நாலு அடி நடந்தால் இளைக்கிறது என்று இங்கே கதைக்கிறார்கள். உண்மையோ?

இப்போது ஏன் எழுதுகிறேன் என்று சொல்லிவிடுகிறேன். போன வெள்ளிக்கிழமை பட்டணத்திலிருந்து திரும்பிவர பஸ் ஏறினேன். இருக்க இடமில்லை. வெறுங்கடகத்தை மடியில் வைத்துக்கொண்டிருந்த ஒரு பெண் சட்டென்று எழும்பி, “இருங்கோ ரீச்சர்” என்றாள். யாரென்று பார்த்தால் திரேசம்மா. ஆஸ்பத்திரியிலே உம்முடைய வாட்டில் துப்புரவு வேலை செய்த மண்டைதீவு மனிசி. உமக்கு ஒப்பரேசனுக்கு முதல்நாள் தலை இழுத்துப் பின்னிவிட்டவள்.

“நீர் இரும் பிள்ளை” என்றேன்.

“இல்லை ரீச்சர். நான் கிட்டத்திலே இறங்கிப்போடுவன்.”

“இண்டைக்கு வேலை இல்லையோ?”

“வேலை போன கார்த்திகையோட முடிஞ்சுது. என்னை நிப்பாட்டிப்போட்டினம். இப்ப மீன் விக்கிறன்.”

ஏன் என்று கேட்டேன். “உங்கட சிநேகிதிக்கு இப்ப சுகமோ?” என்று கேட்டாள். ஓம் என்றேன். “அது காணும்” என்று சொல்லிவிட்டு மண்டைதீவுச் சந்தியில் இறங்கிப் போய்விட்டாள். பண்ணைப் பாலம் முழுக்க அவள் நின்றுகொண்டு வர, அவள் இருந்த இடத்தின் சூட்டிலே நான் இருந்துகொண்டு வந்தேன்.

இலட்சுமி, அந்தப் பால் நான் தந்தது. உமக்குத் தெரியும், எனக்குத் தெரியும். மூன்றாம் ஆளுக்குத் தெரியாது. ஒப்பரேசன் அன்றைக்குக் கந்தசட்டி அஞ்சாம் நாள். இரண்டு பேரும் விரதம். ஒப்பரேசனுக்கு முதல் ஒன்றும் வாயில் வைக்கக் கூடாது என்று வாட்டு நேர்ஸ் மிசி சொல்லித்தான் இருந்தா. “சாப்பிட்டனீங்களோ?” என்று காலையில் கேட்டபோது, “அஞ்சு நாளாய்ச் சோறு இல்லை, கந்தசட்டி” என்றீர். அது பொய்யில்லை. எங்களுக்குச் சோறு தின்றால்தான் சாப்பாடு. பாலும் பழமும் விரதகாரருக்கு எந்தக் காலத்தில் சாப்பாடாக இருந்தது? பின்னேரம் எடுக்கிறதை இன்றைக்கு மட்டும் காலமை எடும், முருகன் கோபிக்கமாட்டார், வெட்டுக் கொத்துக்குத் தெம்பு வேணும் என்று பகிடியும் விட்டுத்தான் அந்தச் செம்புப் பாலையும் கதலிப்பழத்தையும் தந்தேன்.

அந்தப் பால்தான் உம்முடைய சுவாசப்பைக்குள் போனது. இப்போது எனக்குத் தெரியவேண்டியது ஒன்று. திரேசம்மாவின் வேலை போனதற்கும் அதற்கும் ஏதாவது தொடர்பு உண்டோ? உமக்குத் தெரிந்திருந்தால் எழுதும்.

அன்புடன்,
சரோஜினிதேவி


கிளிநொச்சி,
5.2.84

சரோவுக்கு,

உம்மைப்போல இலக்கணமாய் எழுத எனக்கு வராது. வாயாலே கதைக்கிறமாதிரித்தான் எழுதுவன்.

உம்மட கடிதம் விநாயகமூர்த்தியின்ர கையிலே அம்பிடாமல் என்ர கையிலே கிடைச்சது முருகன் செயல். போன ஆடிக் கலவரத்திலே பதுளையிலே கடை எரிஞ்சு, உடுத்த சாரத்தோட வந்து சேர்ந்த நாளிலையிருந்து என்ர தம்பிக்கு ஆரையாவது பிடிச்சுக் கடிக்கவேணும். இப்ப இஞ்சை காடு வெட்டுறான். மரத்துக்கும் ஏச்சுத்தான். உந்தப் பால் கதையைக் கண்டானெண்டால் நேரே மண்கும்பானுக்கு வந்து நிப்பான். இனி எழுதுறதெண்டால் யோசிச்சு எழுதும்.

திரேசம்மாவைப் பற்றி எனக்கு ஒண்டும் தெரியாது. கூலிக்கு ஆள் வைப்பினம், நிப்பாட்டுவினம். அது அவையின்ர பாடு. நாங்கள் ஏன் கிண்டுவான்?

நீர் பால் தந்தீர், நான் குடிச்சன். நான் என்ன பால்குடிப் பிள்ளையோ? வேண்டாமெண்டு சொல்ல எனக்கு வாய் இல்லையோ? அதிலே எனக்குக் கோபமில்லை. நான் கண் முழிச்சபோது பக்கத்திலே நீர் இல்லை. ‘வெளியிலே கிடக்கிற மரவாங்கிலே இருப்பன், கண் முழிக்க நான்தான் முன்னாலே நிப்பன்’ எண்டு கையைப் பிடிச்சுச் சொன்ன ஆள். விநாயகமூர்த்தி வந்து சத்தம்போட, கடைசி பஸ் எண்டு சொல்லிப்போட்டு நீர் போயிட்டீராம். இருபத்திமூண்டு நாள் கிடந்தன். இரண்டே இரண்டு தரம் வந்தீர். வந்தும் என்ர முகத்தைப் பார்க்கேல்லை, சேலைன் போத்தலைத்தான் பார்த்தீர்.

அதுவும் கிடக்கட்டும். இரண்டாம் நாள் மிசி என்னைத் துடைக்கத் துவாய் எடுக்கவெண்டு என்ர பையைத் திறந்தவ. உள்ளே உம்மட செம்பு. கட்டிலுக்குக் கீழே பாலாடையோட விட்டுட்டுப்போன செம்பு, கழுவித் துடைச்சு, மூடி போட்டு, சேலை மடிப்புக்குள்ளே இருக்கு. எனக்கு அப்பவே விளங்கிச்சு. இது மறைக்கவேண்டிய காரியமெண்டு சரோ முடிவெடுத்திட்டா, இனி நானும் அப்பிடித்தான் நடக்கவேணும் எண்டு. மறைச்சது நீர். இப்ப வந்து என்னை விசாரிக்கிறீர்.

செம்பு இஞ்சைதான் இருக்கு. ஆரும் வந்தால் குடுத்துவிடுறன்.

இலட்சுமிப்பிள்ளை


மண்கும்பான்,
12.2.1984

அன்புள்ள இலட்சுமி,

செம்பை நான் கழுவவில்லை.

உம்மை ஒப்பரேசன் தியேட்டருக்குக் கொண்டுபோன பிறகு நான் வாட்டுக்குள்ளே கால் வைக்கவே இல்லை. வேறு யார் கழுவியிருப்பார்கள் என்றும் எனக்குத் தெரியாது. ஆனால் மறைத்தவள் நான் என்று நீர் எழுதினது பொய்யில்லை. செம்பை விடப் பெரியதை மறைத்தேன். அதைச் சொல்லுகிறேன், கேளும். கேட்டுவிட்டு என்னோடு கதைப்பதா விடுவதா என்று நீரே தீர்மானியும்.

அன்று விடியக் காலையில் நெடுந்தீவுக் கிழவர் ஒருவரை மிசி ஏசிக்கொண்டிருந்தது உமக்கு நினைவிருக்கும். “உந்தத் தீவாக்களுக்குச் சொல்லி விளங்கப்படுத்த ஏலாது” என்றா. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான் எழும்பிப் போய், “மிசி, நானும் தீவுதான். பயிற்றப்பட்ட ஆசிரியை. எனக்கு ஒருக்கால் சொன்னால் விளங்கும்” என்றேன். அவ சிரித்துக்கொண்டு, “அப்ப உங்கட ஆளைப்பற்றி எனக்குக் கவலையில்லை ரீச்சர்” என்றா. எவ்வளவு பெருமையாக வந்து உம்முடைய கட்டிலடியில் இருந்தேன்! இருந்த கையோடு செம்பைத் திறந்தேன்.

ஒன்பது மணிக்கு உம்மை உள்ளே கொண்டுபோனார்கள். தியேட்டர் வாசலுக்கு எதிரே நீள வாங்கு. எனக்குப் பக்கத்தில் காரைநகர் மனிசி ஒருத்தி. தன்னுடைய மனுசனை முதல்நாள் தியேட்டர் வாசல்வரைக்கும் கொண்டுபோய்த் திருப்பி அனுப்பிவிட்டார்கள் என்று சொல்லி அலுத்துக்கொண்டா. ஏன் என்றேன். “இரண்டு முடறு தேத்தண்ணி குடிச்சிட்டார். தண்ணிகூட ஆகாதாம். மயக்கத்திலே ஓங்காளிச்சுச் சத்தி வந்து சுவாசப்பைக்குள்ளே போனால் ஆள் தப்பாதாம்” என்றா.

இலட்சுமி, அந்த வாங்கிலிருந்து தியேட்டர் கதவு எட்டு அடி.

எழும்பினேன். கதவடிக்குப் போனேன். தட்டவும் முதல் கதவு திறந்து அதே மிசி வெளியே வந்தா. “என்ன ரீச்சர்?” என்றா. இன்னும் மயக்க மருந்து கொடுத்திருக்க மாட்டார்கள் என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். நிச்சயமாகத் தெரியாது. என் நாக்கு என்ன சொல்லியது தெரியுமோ? “எவ்வளவு நேரம் செல்லும்?” என்று கேட்டது. “இரண்டு மணித்தியாலம் வரும், போய் இருங்கோ” என்றா. நான் போய் இருந்தேன்.

முருகா முருகா என்று இரண்டரை மணித்தியாலம் இருந்தேன். ஒரு சொல் சொன்னால் என் சிநேகிதி தப்புவாள் என்று தெரிந்துகொண்டு இருந்தேன். படித்த மனிசி ஒரு செம்புப் பாலைக் கொடுத்துவிட்டு வந்து நிற்கிறா என்று மிசி சிரித்துவிடுவா, அந்த வாங்கில் இருக்கிற எல்லாரும் பார்ப்பார்கள், அதற்குத்தான். உயிரையும் வெட்கத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எது பெரிது என்று மூன்றாம் வகுப்புப் பிள்ளையும் சொல்லும். உள்ளே ஓடித் திரிகிற சத்தம் கேட்டபோது எனக்கு எல்லாம் விளங்கியது. பிறகு உம்முடைய முகத்தை நான் எப்படிப் பார்க்கிறது? அதுதான் போத்தலைப் பார்த்தேன்.

இவ்வளவுதான். என்னை ஏசி எழுதும். எழுதாமல் மட்டும் விடாதேயும்.

சரோ


கிளிநொச்சி,
4.3.84

சரோ,

மூண்டு கிழமை எழுதாமல் விட்டது கோபத்திலே இல்லை. அதை முதல் சொல்லிப்போடுறன்.

உம்மட கடிதத்தை வாசிச்சிட்டு முதல்நாள் நல்லாய் அழுதன். ‘பாவி, ஒரு சொல் சொல்லியிருக்கலாமே’ எண்டு உம்மைத் திட்டினன். இரண்டாம் நாள் சமைச்சுக்கொண்டு நிக்க, அடுப்படியிலே என்ர காரியம் எனக்கு முன்னாலே வந்து நிண்டுது. அண்டையிலையிருந்து நித்திரை இல்லை. நீர் செம்பைக் கழுவேல்லை எண்டு எழுதினீர் பாரும், அந்த ஒரு வரி என்ர தலையிலே இடி விழுந்தமாதிரி. ஏனெண்டு சொல்லுறன்.

ஒப்பரேசன் முடிஞ்ச மூண்டாம் நாள். காய்ச்சல் கொஞ்சம் இறங்கியிருந்தது. பெரிய டொக்டர் வந்து கட்டிலடியிலே நிண்டு, “சத்தியிலே பால் வந்திருக்கு. அண்டைக்குக் காலமை ஆர் பால் தந்தது?” எண்டு கேட்டார். பக்கத்திலே விநாயகமூர்த்தி, சூரனைக் குத்த வேலில்லாத குறையோட நிக்கிறான். நான் அந்தச் செம்பை நினைச்சன். சரோ கழுவி ஒளிச்சு வைச்சிருக்கிறா, அவவைக் காட்டிக்குடுக்க ஏலாது எண்டு நினைச்சன். நானே கேட்டு வாங்கிக் குடிச்சனான் எண்டு சொல்லியிருக்கலாம். சொல்ல வெக்கமாய் இருந்துது. பதினெட்டு வருஷம் கந்தசட்டி பிடிக்கிறவள், ஒரு காலமை வாயைக் கட்டத் தெரியாதவள் எண்டு எல்லாரும் நினைப்பினம் எண்டு.

அந்த நேரம் பார்த்துத் திரேசம்மா வாளியோட வாசலிலே வந்து நிண்டவ. நான் கையை நீட்டினன். “உந்த மனிசிதான் தந்தது” எண்டன்.

ஓம் சரோ. நான்தான்.

அவ என்னைப் பார்த்தா. வாளியை மெல்லமாய்க் கீழே வைச்சா. விநாயகமூர்த்தி அவவை அந்த வாட்டு அதிர ஏசினான். “மீன் நாத்தம் போகாத கையாலே ஆர் உன்னைப் பால் குடுக்கச் சொன்னது?” எண்டு கேட்டவன். நான் கண்ணை மூடிக்கொண்டு நித்திரைமாதிரிக் கிடந்தன். பேந்து அவவைக் காணேல்லை. விசாரிக்கவும் இல்லை. உமக்கு ‘ஒண்டும் தெரியாது’ எண்டு எழுதினன் பாரும், அந்தக் கை எரிஞ்சு போகாதோ.

ஏன் அவவைக் காட்டினனான் எண்டு இந்த மூண்டு கிழமையும் யோசிச்சன். வாசலிலே நிண்டது ஒரு மிசி எண்டால் காட்டியிருப்பனோ? எங்கட ஊர் உடையார் வீட்டு ஆள் எண்டால்? மாட்டன். அவ எதிர்த்துச் சொன்னாலும் ஒருதரும் நம்பமாட்டினம் எண்டு என்ர மனதுக்கு நல்லாய்த் தெரியும். அதாலேதான் கை அந்தப் பக்கம் போனது. பழி ஓரிடம் பாவம் ஓரிடம் எண்டு சொல்லுவினம். பாவம் என்னிலே, பழியைக் கொண்டுபோய் அவவிலே போட்டிட்டன்.

உம்மைக் காப்பாத்தவெண்டு சொன்ன பொய் எண்டு இவ்வளவு நாளும் மனதைத் தேத்திக்கொண்டிருந்தன். நீர் செம்பைத் தொடவே இல்லையெண்டால் நான் ஆரைக் காப்பாத்தினன்?

நான் அங்கை வரப் பயப்படுறன். நீர் போய் அவவைப் பாரும்.

இலட்சுமி


மண்கும்பான்,
18.3.1984

அன்புள்ள இலட்சுமி,

நேற்று மண்டைதீவுக்குப் போனேன். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

வெறுங்கையோடு போகக் கூடாது என்று சந்தைக்குள் புகுந்து கையில் அம்பிட்டதை வாங்கிப் பையில் போட்டேன். திரேசம்மாவின் வீட்டு வேலிப் படலையடியில் நின்றுதான் பைக்குள் பார்த்தேன். ஒரு சீப்புக் கதலிப்பழம். என் புத்தியை என்ன சொல்ல! பையை அப்படியே வேலியில் கொழுவிவிட்டு உள்ளே போனேன்.

திரேசம்மா முற்றத்தில் இருந்து மீன் வெட்டிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் எழும்பி, கையைக் கழுவிக்கொண்டு ஓடிப்போய் உள்ளேயிருந்து ஒரு கதிரை கொண்டுவந்தார். அந்த வீட்டில் இருப்பது அந்த ஒரு கதிரைதான். “இருங்கோ ரீச்சர்” என்றார். அவர் நின்றார். நானும் இருக்கவில்லை. கதிரையை நடுவில் வைத்துக்கொண்டு இரண்டு பேரும் நின்றோம்.

“திரேசம்மா, இலட்சுமி சொன்னது பொய். பால் குடுத்தது நான்” என்றேன்.

“தெரியும் ரீச்சர்.”

“என்னெண்டு தெரியும்?”

“செம்பைக் கழுவினது ஆரெண்டு நினைச்சீங்கள்?”

அவர் குரலை உயர்த்தாமல் சொன்னார்.

“கட்டிலுக்குக் கீழே கூட்டேக்கை தட்டுப்பட்டுது. உங்கட பேர் வெட்டியிருந்தது. விடியப்புறம் அந்தக் கிழவரை மிசி கிழிச்ச கிழி கண்டனான்தானே. இது அவவின்ர கண்ணிலே பட்டால் தீவாக்கள் எண்டு உங்களையும் நாலுபேருக்கு முன்னாலே கிழிச்சுப்போடுவா. நானும் தீவாள்தானே ரீச்சர். அதுதான் கழுவிப் பைக்குள்ளே வைச்சனான்.”

“கழுவேக்கை இலட்சுமி தியேட்டருக்குள்ளே போயிட்டாவோ?”

“போய்க் கனநேரம். எனக்கும் நெஞ்சு திக்கெண்டுதான் இருந்தது. ஆனால் ரீச்சர் வெளியிலேதானே இருக்கிறா, உள்ளுக்குச் சொல்லியிருப்பா எண்டு நினைச்சன். படிச்ச ஆள்தானே.”

இலட்சுமி, என்னை ஒருவரும் இவ்வளவு மரியாதையாக அறைந்ததில்லை. அவர் அறையவென்று சொல்லவும் இல்லை. உண்மையாகவே அப்படி நினைத்திருக்கிறார்.

விசாரணையில் ஏன் வாய் திறக்கவில்லை என்று கேட்டேன். “செம்பைக் கழுவி வைச்சது நான் எண்டால், குடுத்ததும் நீதானே எண்டு கேப்பினம். வேறை என்ன சாட்சி இருக்கு? அந்த அம்மாவும் சாகிற நிலைமையிலே கிடந்தவ. அவவோட போய் வாதாடுறதோ?” என்றார்.

நான் ஆஸ்பத்திரிக்குக் கடிதம் எழுதிவிட்டேன் என்று சொன்னேன். எழுதிவிட்டேன், இலட்சுமி. பால் கொடுத்தவள் நான், என் பெயர் இது, நான் படிப்பிக்கிற பள்ளிக்கூடம் இது என்று எழுதிப் பதிவுத் தபாலில் போட்டாயிற்று. மிசி வாசித்துச் சிரிக்கட்டும்.

திரேசம்மா தலையை ஆட்டினார். “வேலை தந்தால் தரட்டும், தராட்டில் மீன் இருக்கு. எனக்கு வேறை ஒண்டு இருக்கு ரீச்சர்” என்றார். பிறகு மீன் வெட்டின பலகையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். “என்ர மனுசன் இண்டைக்கும் நான் குடுத்தனான் எண்டுதான் நம்புறார். நான் இல்லையெண்டு சொன்னால், ‘இரக்கப்பட்டுக் குடுத்திருப்பாய், நீ அப்பிடியான ஆள்தானே, போகட்டும் விடு’ எண்டுறார். ஏசினாலும் பரவாயில்லை. செய்யாத குற்றத்துக்கு வீட்டிலே மன்னிப்புக் கிடைக்குது. அதுதான் ஏலாமல் கிடக்கு. அந்த அம்மா ஒருக்கால் வந்து அவருக்கு முன்னாலே சொன்னாக் காணும்.”

மனுசன் குருசுமுத்து கடலுக்குப் போயிருந்தார். நான் சொல்லுகிறேன் என்றேன். “நீங்கள் சொன்னால் எனக்காகச் சொல்லுறியள் எண்டுவார். கையை நீட்டினவ வந்து சொல்லவேணும்” என்றார்.

திரும்பும்போது வேலியில் கிடந்த பையைக் கண்டுவிட்டார். “பழத்தை விட்டுட்டுப் போறியள்” என்று ஓடிவந்து கையில் தந்தார். வாங்கிக்கொண்டு வந்தேன். வீட்டில் அப்படியே கிடக்கிறது. ஒருவருக்கும் தின்ன மனமில்லை.

வாரும் இலட்சுமி. உமக்கு இளைக்கும் என்று தெரியும். மெல்ல மெல்ல நடப்போம்.

சரோ


கிளிநொச்சி,
27.3.84

சரோ,

விநாயகமூர்த்திக்குச் சொல்லிப்போட்டன். சாப்பாட்டுக் கோப்பையோட இருந்தவன். முழுக்கக் கேட்டான். கத்துவான், அடிக்க வருவான் எண்டு பார்த்தன். ஒண்டுமில்லை. கோப்பையைத் தள்ளி வைச்சிட்டுக் கிணத்தடிக்குப் போய்க் கையைக் கழுவினான், கழுவினான், கழுவிக்கொண்டே நிண்டான். பேந்து வந்து, “அந்த மனிசியின்ர கையைப் பற்றி நான் என்ன சொன்னனான், அக்கா?” எண்டு கேட்டான். அவனுக்கு நினைவிருக்கு. நான் சொல்லித் தெரியத் தேவையில்லை. தானும் வாறானாம்.

வாற சனிக்கிழமை விடிய வெளிக்கிடுறம். நீர் மண்டைதீவுச் சந்தியிலே நில்லும். அவவின்ர மனுசன் கடலுக்குப் போகாமல் நிக்கிறமாதிரிச் சொல்லிவையும். செம்பும் கொண்டுவாறன். அதை அவருக்கு முன்னாலே வைச்சுத்தான் சொல்லப்போறன், கழுவினது ஆர், குடுத்தது ஆர், குடிச்சது ஆர், கை நீட்டினது ஆர் எண்டு.

சொல்லுறதுக்கு எனக்குப் பயமில்லை சரோ. ஏசினாலும் கேட்டுக்கொண்டு நிப்பன். நான் பயப்பிடுறது வேறை ஒண்டுக்கு. நீர் எழுதினதை வாசிச்ச நேரம் தொட்டு அதுதான் கண்ணுக்கு முன்னாலே நிக்குது. நான் அந்தப் படலைக்குள்ளே இளைச்சு இளைச்சுப் போவன். அவ என்னைக் கண்டிடுவா. கண்ட உடனே கையைக் கழுவிக்கொண்டு உள்ளே ஓடிப்போய், அந்த ஒரு கதிரையைத் தூக்கிக்கொண்டு வருவா.

இலட்சுமி